முசுறு கடிக்கிறது, பொடி தூவலாமா? மாந்தோப்பும் எறும்பும்

மேலூர் தோப்பு:
எல்லோருக்கும் வணக்கம். மேலூரிலிருந்து அழகர்கோவில் போகிற வழியில் உள்ளே தள்ளி ஒன்றே முக்கால் ஏக்கர் இருக்கிறது. மா நாற்பது மரம், ஓரத்தில் கொஞ்சம் கொய்யா, வரப்பு நெடுக ஆமணக்கு. அப்பா இருந்தவரை அவர் பார்த்தார். இப்போது நான் சனி, ஞாயிறு மட்டும் வந்து பார்க்கிறேன்.

பிரச்சினை முசுறு. பதினைந்து மரத்திலாவது இலையைச் சேர்த்து ஒட்டி உருண்டை உருண்டையாகக் கூடு கட்டியிருக்கிறது. போன வாரம் காய் இறக்க வந்த இரண்டு பேரும் அரை மணி நேரத்தில் இறங்கிவிட்டார்கள். ஒருவருக்குக் கண் இமையே வீங்கிப் போனது. எறும்பை ஒழித்துவிட்டுக் கூப்பிடுங்கள் என்று சொல்லிப் போய்விட்டார்கள். மருந்துக் கடையில் கேட்டால் ஒரு பொடியைக் கொடுத்து, மரத்தடியில் தூவுங்கள், மீதியைத் தண்ணீரில் கரைத்துத் தோப்பு முழுக்க அடித்துவிடுங்கள், ஒரு எறும்பு மிஞ்சாது என்கிறார்.

வாங்கி வைத்திருக்கிறேன், பிரிக்கவில்லை. அப்பா ஒரு நாளும் முசுறுக் கூட்டைத் தொட விட்டதில்லை. ஏன் என்று அப்போது கேட்டுக்கொள்ளவில்லை, இப்போது கேட்க அவர் இல்லை. அடிக்கலாமா, வேண்டாமா?

பேரையூர் மானாவாரி:
தம்பி, பொடியைப் பிரிக்காதீர்கள்.

மா எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது குதிரைவாலியும் பருத்தியும்தான். கிணறு கிடையாது, முழுக்க வானம் பார்த்த பூமி. வருடத்துக்கு நாலு நல்ல மழை கிடைத்தால் பெரிய விஷயம். அந்த நாலு மழையும் மண்ணுக்குள் இறங்க வேண்டும், அதுதான் எங்கள் பிழைப்பு. செவல் மண் வெயிலில் காய்ந்தால் மேலே ஓடு கட்டிக்கொள்ளும். மழை அடித்தால் தண்ணீர் அப்படியே வழிந்து ஓடை சேர்ந்துவிடும். எறும்பு வளை இருக்கிற இடத்தில் மட்டும் தண்ணீர் சுழித்து உள்ளே போவதை நான் குடையைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்திருக்கிறேன். உழாமல் கிடக்கிற வரப்போரத்தில்தான் வளை அதிகம். மழை விட்டு ஒரு வாரம் கழித்துத் தோண்டிப் பாருங்கள், அந்த வரப்போரத்து மண் உள்ளே ஈரமாக இருக்கும். நடு வயல் காய்ந்திருக்கும்.

எறும்பு விதையைத் தூக்கும், அதையும் மறைக்கவில்லை. எள் தெளித்த மறுநாளே சாரை சாரையாகக் கொண்டுபோகும். எங்கள் அப்பத்தா ஒரு கணக்கு வைத்திருந்தது. விதைக்கும்போது ஒரு கைப்பிடி கூடப் போடு, அது அதுகளுக்கு என்று. பஞ்ச காலத்தில் எறும்பு வளையைத் தோண்டி, அது சேர்த்து வைத்த புல்லரிசியை எடுத்துப் புடைத்துக் கஞ்சி காய்ச்சிக் குடித்தார்களாம். அப்பத்தாவுக்கு அவர் அப்பத்தா சொன்னது. நம் பசிக்குக் கொடுத்த வளையில் மருந்து ஊற்ற எனக்கு மனசு வராது.

வில்லாபுரம் மாடித்தோட்டம்:
அண்ணே, நீங்கள் சொல்வது காட்டுக்குச் சரி. என் மாடிக்கு வந்து பாருங்கள். எங்கள் வீட்டில் இன்றைக்கும் அரிசி மாவில்தான் கோலம் போடுகிறேன், பிள்ளையார் எறும்பு தின்னட்டும் என்று. எறும்பு மேல் எனக்கு வெறுப்பு கிடையாது. ஆனால் இரண்டு வருடமாகச் செம்பருத்தியில் மாவுப்பூச்சி. நான் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுவேன், வேப்பெண்ணெய் அடிப்பேன். நாலு நாளில் திரும்பி வந்துவிடும். ஒரு நாள் உட்கார்ந்து கவனித்தேன். கட்டெறும்பு மாவுப்பூச்சிக்குக் காவல் நிற்கிறது. ஒரு பொறிவண்டு வந்து உட்கார்ந்தது, அதை இரண்டு எறும்பு சேர்ந்து விரட்டிவிட்டது. பூச்சியைத் தின்ன வருகிறவரை விரட்டுகிற எறும்பை எப்படி நல்லது என்று சொல்வது?

நாகமலை ஆசிரியர்:
மூன்று பேர் எழுதியதும் உண்மைதான். முப்பது வருடம் விலங்கியல் சொல்லிக் கொடுத்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மேலூர் தம்பிக்கு. உங்கள் அப்பா ஏன் தொட விடவில்லை என்று என்னால் ஊகிக்க முடிகிறது. முசுறு இருக்கிற மரத்தில் புழு, பூச்சி குறைவு. மரம் ஏறுகிற எல்லாவற்றையும் அது பிடித்துக் கிழித்துக் கூட்டுக்குள் கொண்டுபோகும். அந்தக் கூட்டைக் கட்டுகிற விதமே பெரிய அதிசயம். ஒரு வரிசை எறும்பு இலையின் ஓரத்தைக் கடித்து இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இன்னொரு கூட்டம் தன் குஞ்சுப் புழுக்களை வாயில் கவ்விக்கொண்டு வந்து, அவற்றின் வாயிலிருந்து வரும் பட்டு நூலால் இரண்டு இலையையும் சேர்த்துத் தைக்கும். சீனாவில் ஆரஞ்சுத் தோப்புக்காரர்கள் இந்த எறும்புக் கூட்டைச் சந்தையில் விலை கொடுத்து வாங்கி மரத்தில் கட்டியதாகக் கி.பி. 304-லேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு பூச்சியை வைத்து இன்னொரு பூச்சியைக் கட்டுப்படுத்தியதற்கு எழுத்தில் இருக்கிற மிகப் பழைய சான்றுகளில் அது ஒன்று.

மாமரத்துக்கு வருகிறேன். ஆப்பிரிக்காவில் பெனின் நாட்டு மாந்தோப்புகளில் முசுறின் நெருங்கிய உறவுக்கார எறும்பை வைத்து ஆராய்ந்தார்கள். எறும்பு அதிகமாக இருந்த மரங்களில் பழ ஈயின் சேதம் நன்றாகக் குறைந்திருந்தது, 2007-ல் வெளியிட்டார்கள். எறும்பு ஈயைப் பிடித்துத் தின்பது ஒரு பக்கம். அதைவிட, எறும்பு நடந்த பழத்தில் அதன் வாடை படிந்திருப்பதால் ஈ அங்கே முட்டை வைக்கவே தயங்குகிறது. பழுத்த மாங்காயை அறுத்தால் உள்ளே புழு நெளிவது நம் பக்கம் எவ்வளவு பெரிய தொல்லை என்று உங்களுக்கே தெரியும். நீங்கள் அடிக்கப் போகிற மருந்து பழ ஈக்குக் கதவைத் திறந்து விடுகிற வேலை.

காய் இறக்க ஆளை மேலே ஏற்ற வேண்டாம். தொரட்டிக் கம்பில் வலை கட்டிக் கீழே நின்று பறியுங்கள். இன்னொன்று, எல்லா மரத்து முசுறும் ஒரே குடும்பம் கிடையாது. இரண்டு குடும்பத்தின் மரங்கள் கிளையோடு கிளை உரசினால் அங்கே எல்லைச் சண்டை ஓயாது. அந்தச் சண்டையில் பீய்ச்சுகிற அமிலம்தான் காய்த் தோலில் கரும்புள்ளியாக விழும். உரசுகிற கிளையை வெட்டிவிட்டால் பாதித் தொல்லை தீரும்.

பேரையூர் அண்ணாச்சி குடை பிடித்துக்கொண்டு பார்த்ததை மேற்கு ஆஸ்திரேலியாவில் கோதுமை வயலில் அளந்து பார்த்திருக்கிறார்கள். அதுவும் நம்மைப் போல வறண்ட பூமிதான். சில பாத்திகளில் மருந்து வைத்து எறும்பையும் கரையானையும் அகற்றினார்கள், சிலவற்றில் அப்படியே விட்டார்கள். விட்ட பாத்திகளில் மகசூல் 36 சதவீதம் கூடுதல். 2011-ல் வந்த ஆய்வு அது. வளை வழியாக மழைநீர் கூடுதலாக இறங்கியது, மண்ணில் தழைச்சத்தும் கூடியிருந்தது. இரண்டையும் காரணமாகச் சொன்னார்கள்.

வில்லாபுரம் அம்மாவுக்குத் தனியாக எழுதுகிறேன், அது முக்கியமான கேள்வி.

மேலூர் தோப்பு:
சார், மிக்க நன்றி. வரப்பில் ஆள் உயரத்துக்கு ஒரு புற்று இருக்கிறது. அதுவும் எறும்பு கட்டியதுதானா?

நாகமலை ஆசிரியர்:
இல்லை, அது கரையான் கட்டியது. பார்க்க எறும்பு மாதிரி இருந்தாலும் கரையான் கரப்பான்பூச்சிக்குச் சொந்தம். எறும்பு குளவிக்குச் சொந்தம். உண்மையில் கரையானுக்குப் பெரிய எதிரியே எறும்புதான். கரிய, ஒல்லியான எறும்பு ஆயிரக்கணக்கில் கயிறு போலச் சாரை போய், திரும்பும்போது ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு வெள்ளைக் கரையான் இருப்பதை மழைக்காலத்தில் பார்க்கலாம். உங்கள் தோப்பில் எறும்பை ஒழித்தால் கரையான்தான் முதலில் கொண்டாடும்.

இப்போது செம்பருத்தி. அம்மா கவனித்தது நூற்றுக்கு நூறு சரி. மாவுப்பூச்சி, அசுவினி எல்லாம் செடியின் சாற்றை உறிஞ்சி மிச்சத்தை இனிப்பு நீராக வெளியேற்றும். எறும்புக்கு அது பால். பால் கறக்கிற மாட்டை யாராவது புலிக்கு விடுவார்களா? அதனால் பொறிவண்டையும் சின்னக் குளவிகளையும் விரட்டுகிறது. 2008 வாக்கில் தமிழ்நாட்டில் பப்பாளி மாவுப்பூச்சி புகுந்து பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாவற்றையும் வெள்ளை அடித்த மாதிரி ஆக்கியது நினைவிருக்கும். எத்தனையோ மருந்து அடித்தும் அடங்கவில்லை. 2010-ல் அந்தப் பூச்சியைத் தாக்குகிற ஒரு சின்னஞ்சிறு குளவியை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது. அந்த மாதிரிக் குளவி மாவுப்பூச்சியை நெருங்க வேண்டுமென்றால் எறும்பு அங்கே இருக்கக் கூடாது.

அதற்காக எறும்பைக் கொல்ல வேண்டியதில்லை. ஏற விடாமல் செய்தால் போதும். தண்டில் ஒரு துணியைச் சுற்றி மேலே கிரீஸ் தடவுங்கள், செடியின் மேலேயே தடவக் கூடாது. தொட்டியைத் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தில் செங்கல் மேல் வையுங்கள். சுவரில் உரசுகிற கிளையை நறுக்குங்கள். பாலம் அறுந்துவிட்டால் பொறிவண்டு தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

வில்லாபுரம் மாடித்தோட்டம்:
சரிங்க சார். கிரீஸ் இன்றைக்கே வாங்குகிறேன். "பால் கறக்கிற மாடு" என்று சொன்னது மனசில் நின்றுவிட்டது.

கரந்தமலை அடிவாரம்:
எல்லாவற்றையும் பொறுமையாகப் படித்தேன். எறும்பு நல்லது, எறும்பு நல்லது என்று வாசிக்க வாசிக்க எனக்கு வயிறு எரிகிறது. நான் நத்தம் பக்கம், கரந்தமலைக்குக் கீழே. 2022-ல் எங்கள் ஊர்கள் பேப்பரில், டிவியில் எல்லாம் வந்ததே, மஞ்சள் எறும்பு, அந்த ஊர்க்காரன்.

அது கடிக்காது, கொட்டாது. நீரைப் பீய்ச்சும். படுத்திருக்கிற ஆட்டின் கண்ணில் ஏறிவிடும். கண் வெளுத்துப் பார்வை போன ஆட்டை நான் கையில் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறேன். காட்டுக்குள் மாட்டை ஓட்டிக்கொண்டு போனால் நின்ற இடத்தில் காலில் மொய்க்கும். மேய்ச்சலுக்கு மலை ஏறுவதையே பலர் விட்டுவிட்டார்கள். தரையைப் பார்த்தால் தரையே நகர்கிற மாதிரி இருக்கும். நானும் கடையில் பொடி வாங்கித் தூவினேன், ஒரு முறை இல்லை, நாலு முறை. கட்டெறும்பு போனது, முசுறு போனது, வேலியில் இருந்த பல்லி, ஓணான் கூடக் குறைந்தது. மஞ்சள் எறும்பு மட்டும் ஒரு மாதத்தில் திரும்பி வந்தது, முன்னைவிட அதிகமாக.

இதற்கு யாராவது பதில் சொல்லுங்கள்.

பேரையூர் மானாவாரி:
அண்ணே, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. நாங்கள் பேசியது இந்த எறும்பைப் பற்றி இல்லை.

நாகமலை ஆசிரியர்:
உங்கள் கோபம் நியாயமானது. நீங்கள் எழுதியதில் ஒரு வரியை மட்டும் எல்லோரும் இன்னொரு முறை படிக்க வேண்டும்: கட்டெறும்பு போனது, முசுறு போனது, மஞ்சள் எறும்பு திரும்பி வந்தது. கண்ட இடமெல்லாம் தூவுகிற மருந்தைப் பற்றி நான் சொல்ல நினைத்த அத்தனையும் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

கிறுக்கு எறும்பு என்று அதற்குப் பெயர். கலைத்தால் திசை தெரியாமல் கிறுக்குப் பிடித்த மாதிரி ஓடுவதால் வந்த பெயர். உலகத்தின் மிக மோசமான 100 ஊடுருவல் உயிர்களில் ஒன்றாக அதைப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். ஒரே கூட்டத்தில் பல ராணிகள் இருக்கும். பக்கத்துக் கூட்டத்தோடு சண்டை போடாது, சேர்ந்துகொள்ளும். நான்கு ராணியைக் கொன்றால் நாற்பது ராணி அடியில் இருக்கும். உள்ளூர் எறும்பு அப்படிப் பெருகாது, ஒன்றையொன்று எல்லை கட்டி அடக்கி வைத்திருக்கும். அந்த எல்லைக் காவலை நாமே மருந்தடித்து எடுத்துவிட்டால் காலி நிலம் யாருக்குப் போகும்?

இந்தியப் பெருங்கடலில் கிறிஸ்துமஸ் தீவு என்று ஒன்று இருக்கிறது. 135 சதுர கிலோமீட்டர்தான். அந்தக் காட்டுத் தரையை ஆண்டது சிவப்பு நண்டு. உதிர்கிற இலை, விழுகிற விதை, முளைக்கிற கன்று எல்லாவற்றையும் தின்று தரையைக் கூட்டி வைத்த முற்றம் மாதிரி வைத்திருந்தது. 1990-களில் இதே மஞ்சள் எறும்பு அங்கே பெருகியது. நண்டின் கண்ணிலும் மூட்டிலும் அமிலத்தைப் பீய்ச்சியது. ஒரு கோடிக்கு மேற்பட்ட நண்டுகள் செத்தன. நண்டு போன இடத்தில் புதர் மண்டியது, காடே வேறு காடாக மாறியது. அங்கேயும் பல வருடம் மருந்துதான் போட்டார்கள். பிறகுதான் வேரைப் பார்த்தார்கள். அந்த எறும்பு இவ்வளவு பெருகக் காரணம் மரத்தில் ஒட்டியிருந்த ஒரு அரக்குப் பூச்சி. அது சுரக்கிற இனிப்பு நீர்தான் எறும்புக்குத் தீனி. அம்மாவின் செம்பருத்தியில் நடந்த அதே கதை, ஒரு தீவு அளவுக்கு. 2016 டிசம்பரில் அந்த அரக்குப் பூச்சியைத் தாக்குகிற ஒரு நுண்குளவியை மலேசியாவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். எறும்பை நேராகத் தாக்காமல் அதன் சோற்றுப் பானையில் கை வைத்தார்கள்.

கரந்தமலையில் அது எந்த மரத்தில், எந்தப் பூச்சியிடம் பால் குடிக்கிறது என்று பார்க்க வேண்டும்.

யானைமலை நடை:
நான் விவசாயி இல்லை. ஒத்தக்கடைப் பக்கம் வீடு, ஞாயிற்றுக்கிழமை மலையேறிப் பறவை பார்க்கிறவன். அரிட்டாபட்டியில் பார்த்த ஒன்றைச் சொல்லத் தோன்றியது.

அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டன. அப்புறம் டங்ஸ்டன் சுரங்கம் என்று ஏலம் விட்டு, மேலூர் வட்டாரமே திரண்டு, 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானது. அப்போது எல்லோரும் ராஜாளியைப் பற்றியும் தேவாங்கைப் பற்றியும் பேசினோம், நானும்தான். பாறை இடுக்கில் மண்ணை இரவோடு இரவாகப் பறித்துப் போட்டிருந்த ஒரு குழியை ஊர்ப் பெரியவர் ஒருவர் காட்டினார். அலங்கு பறித்தது என்றார், எறும்புத்தின்னி. ஒரு பல் கூடக் கிடையாது, நாக்கை நீட்டி எறும்பையும் கரையானையும் தின்று மட்டுமே உயிர் வாழ்கிறது. எறும்பு இல்லாத மலையில் அலங்கு இல்லை. அன்றிலிருந்து நான் கீழேயும் பார்த்து நடக்கிறேன்.

போன மாதம் பாதையில் ஒரு ஓணான் செத்துக் கிடந்தது. காலையில் ஏறும்போது முழு ஓணான். மறுநாள் போனால் எலும்பும் தோலும்தான். நாற்றமே இல்லை. மலேசியாவின் போர்னியோ காட்டில் தரையில் வைத்த உணவில் பாதிக்கு மேல் எறும்புதான் அப்புறப்படுத்துகிறது என்று 2018-ல் ஒரு ஆய்வில் கணக்கிட்டார்கள். எறும்பைத் தடுத்த இடத்தில் வேறு எந்தப் பிராணியும் வந்து அந்த வேலையை ஈடு கட்டவில்லை.

இன்னொன்று, இது எனக்கு நம்பவே முடியாமல் இருந்தது. கென்யாவில் நம் உடைமரம் மாதிரி ஒரு முள்மரம். அதன் முள்ளின் அடிக்குமிழில் எறும்பு குடியிருக்கும். யானை தும்பிக்கையை வைத்தால் எறும்பு உள்ளே ஏறிவிடும், அதனால் யானை தொடாது. வெளியிலிருந்து வந்த பெருந்தலை எறும்பு அந்தக் காவல் எறும்பைக் கொன்றது. யானை மரத்தை ஒடித்துத் தின்றது. மரம் போனதும் வெட்டவெளி ஆனது. சிங்கத்துக்குப் பதுங்க மறைவு இல்லை, வரிக்குதிரை தூரத்திலேயே பார்த்துத் தப்பியது. 2003-ல் சிங்கம் அடித்ததில் மூன்றில் இரண்டு பங்கு வரிக்குதிரை. 2020-ல் அது பாதிக்கும் கீழே போய், சிங்கம் காட்டெருமை பக்கம் திரும்பியிருந்தது. 2024-ல் வெளியான செய்தி. ஒரு எறும்பு போனதற்குச் சிங்கம் சாப்பாட்டை மாற்றியிருக்கிறது!

பேரையூர் மானாவாரி:
தம்பி எழுதியதைப் படித்ததும் ஒன்று உறைத்தது. பருத்தி இலையின் அடியில் நடு நரம்பில் எறும்பு எதையோ நக்கிக்கொண்டே இருக்கும். தட்டைப்பயறிலும் பார்த்திருக்கிறேன். பூவே இல்லாதபோது என்ன கிடைக்கிறது என்று யோசித்திருக்கிறேன். அதுவும் கூலிதானோ?

நாகமலை ஆசிரியர்:
கூலியேதான் அண்ணாச்சி. பருத்தியின் நடு நரம்பில் தேன் சுரப்பி இருக்கிறது. பூவுக்கு வெளியே, எறும்புக்கென்றே சுரக்கிறது. நக்க வருகிற எறும்பு வழியில் பார்க்கிற முட்டையையும் சின்னப் புழுவையும் தூக்கிப்போகும். ஆமணக்கு இலைக் காம்பிலும் அதே மாதிரிச் சுரப்பி உண்டு, மேலூர் தம்பி வரப்பில் பார்க்கலாம்.

மேலூர் தோப்பு:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். காய் இறக்கி முடித்தாயிற்று. வலை கட்டிய தொரட்டி மூன்று வாங்கினேன். உயரக் கிளைக்கு ஏணி போட்டு, அந்தக் கிளையை மட்டும் முந்தின நாள் கவாத்து பண்ணிவிட்டோம். கடி இல்லாமல் இல்லை, தாங்குகிற அளவுதான். முசுறு இருந்த மரத்துக் காயையும் இல்லாத மரத்துக் காயையும் தனித்தனியாகப் பழுக்க வைத்தேன். எண்ணிக்கை சொல்கிற அளவுக்குப் பெரிய கணக்கு இல்லை, ஆனால் புழு விழுந்தது பெரும்பாலும் முசுறு இல்லாத மரத்துப் பழம். பொடியைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அப்பாவிடம் கேட்காமல் விட்டதற்குப் பதில் கிடைத்த மாதிரி இருக்கிறது.

சார் சொன்னபடி ஆமணக்கைப் பார்க்கப் போனேன், வேறொன்றைப் பார்த்தேன். வெடித்து விழுந்த முத்தைக் கட்டெறும்பு இழுத்துக்கொண்டு போகிறது. அவ்வளவு கெட்டி ஓட்டை அது எப்படித் தின்னும்? பின்னாடியே போனேன். வளை வாசலில் நாலைந்து முத்து முழுசாகக் கிடந்தது. தலையில் இருக்கிற வெள்ளைக் குமிழ் மட்டும் காணோம்.

நாகமலை ஆசிரியர்:
அருமையாகப் பார்த்திருக்கிறீர்கள். அந்தக் குமிழ்தான் கொழுப்புப் பண்டம், எறும்பு தன் குஞ்சுக்குக் கொடுக்கிற உணவு. முத்தை அது தின்பதில்லை. குமிழை எடுத்துக்கொண்டு முத்தை வளையோரக் குப்பையில் எறிந்துவிடும். அங்கே மண் பொலபொலவென்று இருக்கும், எச்சமும் மக்கும். தாய்ச் செடியின் நிழலிலிருந்தும் தப்பியாயிற்று. எறும்பைக் கொண்டு விதை பரப்புகிற தாவர வகைகள் 11,000-க்கு மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த வளை வாசலைக் கொத்திவிடாதீர்கள், மழை விழுந்ததும் என்ன முளைக்கிறது என்று எழுதுங்கள்.

கரந்தமலை அடிவாரம்:
சார், மேலே என் கோபத்தில் கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன். நீங்கள் சொன்ன பிறகு பொடி தூவுவதை நிறுத்திவிட்டேன். தினம் காலையில் பால் கறந்துவிட்டு மலையடிவாரத்து மரங்களைப் பார்த்து வருகிறேன். இரண்டு மூன்று மரத்தில் மட்டும் மஞ்சள் எறும்பு மேலும் கீழுமாக ஓயாமல் சாரை போகிறது. கீழே இலையெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டுகிறது, கரி பூசின மாதிரிக் கறுத்தும் இருக்கிறது. கிளையில் சின்னச் சின்னச் செதில் மாதிரி ஏதோ ஒட்டியிருக்கிறது. ஆற்றங்கரைப் பக்கத்து மரங்களில் இன்னும் முசுறு இருக்கிறது, அங்கே மஞ்சள் எறும்பைக் காணோம். அந்த இடத்தில் யாரையும் மருந்தடிக்க விடாமல் சொல்லி வைத்திருக்கிறேன்.

நாகமலை ஆசிரியர்:
அந்தச் செதில் ஒட்டிய கிளையில் ஒரு சாண் வெட்டி, காற்றுப் போகிற மாதிரிக் காகிதப் பையில் போட்டு வையுங்கள். எறும்பில் பத்துப் பதினைந்தைச் சின்னச் சீசாவில் சானிடைசர் ஊற்றிப் போட்டு வைத்தால் போதும். எந்த மரம், எந்தத் தேதி என்று பென்சிலில் எழுதி உள்ளேயே போடுங்கள், பேனா மை கரைந்துவிடும். ஒத்தக்கடை விவசாயக் கல்லூரியில் பூச்சியியல் துறைக்கு எடுத்துப்போய்க் காட்டலாம். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் நத்தம் வருகிறேன். யானைமலைத் தம்பியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். முழங்கால் வரை மூடுகிற பூட்ஸ் போட்டுக்கொண்டுதான் வருவோம்.

வில்லாபுரம் மாடித்தோட்டம்:
நானும் வரலாமா சார்? செம்பருத்தி பூத்துவிட்டது.